சிலிபினில் வந்து விசாரியுங்கள்

1

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் ரப்பர் மரம் ஆனேன். அதுவரை மனிதனாகத்தான் இருந்தேன். என் மனைவியிடம் கேட்டால் அதற்கும் சாட்சி கேட்பாள்.

அறந்தாங்கிப் பக்கமிருந்து இதைப் படிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம். மலேசியா போய் இருபது வருடத்துக்கு மேல் ஆனவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று என் தம்பியிடம் போய்ச் சொல்லிவிடவும் வேண்டாம். அவன் அந்தச் செய்தியை வெகுகாலமாக எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறான். நடந்தது இவ்வளவுதான். ஈப்போவுக்கு வெளியே நான் வேலை பார்க்கும் கையுறைத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் ஒரு குணப் பரிசோதனை வைத்தார்கள். ரத்தம் எடுக்கவில்லை, சிறுநீர் கேட்கவில்லை. கைப்பேசிக்கு ஓர் இணைப்பு வந்தது. அதைத் திறந்தால் நாற்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஐந்து வட்டங்கள். முதல் வட்டம் 'சுத்தமாக இல்லை', கடைசி வட்டம் 'முழுக்க முழுக்க ஆமாம்'. ஆங்கிலம், மலாய், சீனம் மூன்றிலும் செய்யலாம். தமிழில் குணம் கிடையாது போலிருக்கிறது.

முடிவில் நீங்கள் நான்கு மரங்களில் ஒன்றாக வருவீர்கள். முன்னால் நின்று வழிநடத்துகிறவர் தென்னை. எல்லோரோடும் ஒத்துப்போகிறவர் மூங்கில். வெளியே முள்ளும் உள்ளே யோசனையும் உள்ளவர் டுரியான். அதிகம் பேசாமல், வரிசையில் நின்று, பொறுமையாகக் கொடுத்துக்கொண்டே இருப்பவர் ரப்பர் மரம்.

இப்போது என் வேலையைச் சொல்கிறேன். சரக்கு ஏற்றும் கூடத்துக்கு நான் மேற்பார்வையாளன். கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரும், பெட்டிகள் ஏறும், போகும். இதில் என் பங்கு வாய். லாரி ஓட்டுநர்களைத் திட்டுவது, தூக்கு வண்டிக்காரரைக் கெஞ்சுவது, வாசல் காவலரிடம் கதை பேசி இரண்டு லாரிகளை முன்னால் இழுப்பது. தமிழ், மலாய், ஆங்கிலம், கொஞ்சம் கான்டனீஸ் என்று நான்கு மொழியிலும் பிழையாகவும் சரளமாகவும் பேசுவேன். காலையில் பசியாறியதும் ஆரம்பித்தால் சங்கு ஊதும்வரை நிறுத்துவதில்லை.

இந்த ஆளைத்தான் ரப்பர் மரம் என்றது கணினி. அதோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். மரங்களுக்கு ஏற்ற இடத்தில் ஆட்களை நடப்போகிறார்களாம். ரப்பர் மரங்களுக்கு ஆள் நடமாட்டம் குறைந்த இடம் நல்லது. ஆகவே என்னைக் கோப்பெங்கில் இருக்கும் பழைய கிடங்குக்கு மாற்றுவதாக முடிவு.

அந்தக் கிடங்கு எனக்குத் தெரியும். உடைந்த இயந்திரங்களின் பாகங்கள் அங்கே கிடக்கின்றன. பேச்சுத் துணைக்கு ஒரு பூனை உண்டு. அதுவும் மத்தியானத்துக்கு மேல் இருக்காது.

2

இது எப்படி நேர்ந்தது என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நேர்ந்தது.

தேவாலயம் போய்வந்து சாப்பாடு முடிந்து, ஈப்போவின் சிலிபின் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் என்றால் என் மனைவி பிலோமினா, அவள் அண்ணன் அந்தோணி, பதினேழு வயது மகள் ஜெனி. நான் கைப்பேசியைத் திறந்து முதல் வாக்கியத்தை உரக்கப் படித்தேன். நான் செய்த தப்பு அந்த 'உரக்க'தான். ஆனால் எங்கள் வீட்டில் மின்சாரக் கட்டணச் சீட்டைக்கூட மனதுக்குள் படித்துப் பழக்கமில்லை.

'நான் இருக்கும் இடத்தில் என் குரல்தான் அதிகம் கேட்கும்.' இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கடைசி வட்டத்துக்குக் கை போனது.

"என்னங்க, கம்பெனி பார்க்கும்லா" என்றாள் பிலோமினா. "வாயாடின்னு நீங்களே எழுதிக் குடுப்பீங்களா? அடக்கமா போடுங்க."

அடக்கமாகப் போட்டேன். அடுத்தது, 'மற்றவர்களைவிட நான் திறமையானவன்.'

"இத அடுத்தவன் சொல்லணும் மச்சான்" என்றான் அந்தோணி. "நீயே சொல்லிக்கிட்டா நல்லாவா இருக்கு?"

இல்லைதான். முதல் வட்டம்.

'நான் சட்டென்று கோபப்படுவேன்.' சம்பளம் கொடுக்கிறவனிடம் இதற்கு ஆமாம் சொல்கிறவன் உண்டா? முதல் வட்டம். 'எனக்குத் தனிமை பிடிக்கும்.' இது என்ன கேள்வி என்று நான் விழிக்க, கேட்பதற்கு மரியாதையான ஆள் மாதிரி இருக்கிறது, ஆமாம் என்று போடுங்கள் என்று பிலோமினா தீர்ப்புச் சொன்னாள். நாற்பதும் இப்படியே போயின. வாக்கெடுப்பு சமமாக வந்த இடங்களில் நடு வட்டம்.

ஜெனி மட்டும் எதிர்க்கட்சி. அவள் வயதுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் அத்துப்படி. கொரியப் பாடகர்கள் ஒவ்வொருவருக்கும் நான்கு ஆங்கில எழுத்தில் ஒரு குண வகை இருக்கிறதாம். அது அவளுக்கு மனப்பாடம். என் நட்சத்திரம் கேட்டால் தெரியாது. ஒரு பையனோடு சண்டை வந்தால், அவனுடைய நான்கு எழுத்தும் அவளுடைய நான்கு எழுத்தும் சேராது என்று சொல்லி முடித்துக்கொள்கிறாள். நாம் சண்டைக்குக் காரணம் தேடிக் குடும்ப வரலாறு முழுக்கத் தோண்டுகிற இடத்தில் அவளுக்கு எழுத்து நான்கு போதும்.

"பா, இது நீங்க இல்ல" என்றாள். "இது யாரோ நல்லவரு."

யாரும் காதில் வாங்கவில்லை. பெண் வீட்டுக்கு அனுப்பும் புகைப்படத்தைப் போல, தலைவாரி, பவுடர் பூசி, என் குணத்தைத் தலைமையகத்துக்கு அனுப்பிவைத்தோம்.

3

அறந்தாங்கியில் எனக்குக் குணப் பரிசோதனை எட்டாம் வகுப்பிலேயே முடிந்துவிட்டது. வைத்த பெயர் ரேடியோ. ரேடியோ கணேசன். பக்கத்து பெஞ்சில் அவசரம் முத்து, அவனுக்குப் பின்னால் நாளைக்கு சேகர். முத்து அவசரப்பட்டே மூன்று வேலையை விட்டான். சேகர் இன்னும் என் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. நாற்பது கேள்வி இல்லை, வட்டம் இல்லை, ஒரே சொல்தான். தப்பித்தவன் யாருமில்லை.

இங்கே வந்த பிறகு எந்தப் படிவத்தை எடுத்தாலும் 'இனம்' என்று ஒரு வரி வரும். மலாய், சீனர், இந்தியர், மற்றவர் என்று நான்கு கட்டம். வந்த புதிதில் ஓர் அரசாங்க அலுவலக முகப்பில் நான் இந்தியர் கட்டத்தில் கோடு போட்டேன். அங்கே உட்கார்ந்திருந்த அம்மா என் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு, நீ இந்தியக் குடிமகன், இந்தக் கட்டம் இங்குள்ள இந்தியர்களுக்கு, நீ 'மற்றவர்' என்றார். இந்தியாவிலிருந்து வந்ததனால் நான் இந்தியர் இல்லை. அடுத்த அலுவலகத்தில் மற்றவர் என்று போட்டேன். முகத்தைப் பார்த்தால் தெரியவில்லையா, இந்தியர் என்று போடு என்று திருப்பித் தந்தார்கள். இன்று சிவப்பு அடையாள அட்டையோடு நிரந்தரவாசியாக இருக்கிறேன். இன்னும் அந்த வரி வந்தால் பேனா ஒரு நொடி நின்றுதான் போகும். எனவே நான்கு மரங்களைக் கண்டு நான் பெரிதாக மிரளவில்லை. நான்கு கட்டம் எனக்குப் பழக்கம்.

ஆனால் எனக்கு நடந்த உண்மையான பரிசோதனை சிலிபினில்தான் நடந்தது. அதை நடத்தியவன் அந்தோணி.

அப்போது நான் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்த ஒண்டிக்கட்டை. பிலோமினாவைத் தேவாலயத் திருவிழாவில் பார்த்தேன். நான் போனது சாப்பாட்டுக்கு. பெண் கேட்டு அனுப்பினேன். அவர்கள் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். பையன் தமிழ்நாடு, சாமி வேறு, ஊரில் ஒரு சொந்தக்காரர் கிடையாது. நம் ஊராக இருந்தால் மாமா ஒருவர் பஸ் ஏறி வந்து டீக்கடையில் உட்கார்ந்து விசாரித்துவிட்டுப் போவார். இங்கே என்னைப் பற்றி யாரிடம் விசாரிப்பது?

அந்தோணி சளைக்கவில்லை. முதலில் முடிவெட்டுகிறவரிடம் போனான். கத்தி கழுத்தில் இருக்கும்போதும் பேசுகிற ஒரே ஆள் அவன்தான் என்று அவர் சொன்னாராம். பிறகு முனைச் சாப்பாட்டுக்கடை பாயிடம் போனான். கல்லாவை அவனிடம் விட்டுவிட்டுத்தான் தொழப் போவேன் என்று அவர் சொன்னாராம். வீட்டுக்காரச் சீனக் கிழவரிடமும் போயிருக்கிறான். அவர் என் பெயரைக் கேட்டதும் இரண்டு காதையும் பொத்திக் காட்டி, பிறகு கட்டை விரலை உயர்த்தினாராம்.

அந்தோணி வீட்டுக்குப் போய்ச் சொன்ன அறிக்கை நான்கு சொல். "வாய் நீளம், கை சுத்தம்."

அந்த நான்கு சொல்லின் மேல்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது. உள்ளே இருந்து பிலோமினா, வாய் நீளம் என்றால் சரி, வீட்டுக்கு ரேடியோ வாங்க வேண்டாம் என்றாளாம். அறந்தாங்கிப் பெயர் அவளுக்குத் தெரிய வழியே இல்லை. அந்த நிமிடமே என் கதை முடிந்தது.

4

முடிவு வந்த வெள்ளிக்கிழமை தர்ஷினி என்னைக் கூப்பிட்டாள். மனிதவளப் பிரிவில் இருக்கிற பெண். யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன்னால் வந்த குடும்பம். தாத்தா ரயில்வேயில், அப்பா அரசாங்கத்தில். தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்கத் தெரியாது. என்னை அங்கிள் என்பாள்.

எனக்குக் கோப்பெங் பிடிக்கும்தானே என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். தனிமை பிடிக்கும் என்று நானே சொல்லியிருக்கிறேனாம். நான் பேச ஆரம்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுடைய காப்பி ஆறிப்போனது. கடைசியில் திரையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அங்கிள், இதை நீங்கள் தனியாத்தானே செய்தீங்கள்?"

"எங்க வீட்ல குளிக்கிறதைத் தவிர எதையும் தனியா செய்ய முடியாதும்மா."

சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஒரு முறை மேல்முறையீடு உண்டு, மறுபடி செய்யலாம், பட்டியல் அடுத்த வெள்ளிக்கிழமை கோலாலம்பூர் தலைமையகத்துக்குப் போகும் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இந்த முறை எல்லாத்துக்கும் கடைசி வட்டம் போடுங்கோ. தென்னை வந்துரும்லா. நிறையப் பேர் அப்படித்தான்."

திரும்பி வரும்போது தாழ்வாரத்தில் எதிர்ப்பட்ட தென்னைகளை எல்லாம் ஒரு புது மரியாதையோடு பார்த்தேன். அவளிடம் நீ என்ன மரம் என்று கேட்டிருந்தேன். மூங்கிலாம். "வளைஞ்சு குடுப்பனாம். அதுதான் எல்லாரின்ர கோபத்தையும் என்னட்ட அனுப்புகினம்" என்றாள்.

5

சத்தியமாகச் சொல்கிறேன், வீட்டுக்குப் போகும்போது தென்னையாகிவிடுவது என்றுதான் முடிவு செய்திருந்தேன். கோப்பெங் பூனையை நினைத்தால் யாரும் தென்னையாவார்கள்.

பிலோமினா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ரப்பர் மரம் என்றதும் கையை நிறுத்தினாள். அடக்கமாகப் போடச் சொன்னவள் அவள்தான் என்று நான் நினைவூட்டவில்லை. கையில் கத்தி இருந்தது.

"கித்தா மரம் வாயில்லாததுன்னு எவன் சொன்னான்?" என்றாள். "லீவுக்கு அம்மாகூட நெரையில நின்னுருக்கேன். சாதுவாத்தான் நிக்கும். அளவுக்கு மேல வெட்டிக்கிட்டே இருந்தா பாலை நிறுத்திரும். மங்குல ஒரு சொட்டு விழாது. தொரையே வந்து நின்னாலும் விழாது."

கித்தா மரம் என்பது ரப்பர் மரத்துக்குத் தோட்டத்துப் பெயர், நெரை என்பது மரங்களின் வரிசை, மங்கு என்பது பால் பிடிக்க மரத்தில் கட்டும் கிண்ணம்.

அப்புறம் அவள் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். அந்தக் காலத்தில் துரை எதிரே வந்தால் தோட்டத்து ஆட்கள் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். என் மாமனார் சைக்கிள் வாங்கிய மறுநாளே துரை எதிரே வந்திருக்கிறார். இவர் இறங்கவில்லை. மணியும் அடித்திருக்கிறார். தண்டனையாக அவரைத் தோட்டத்தின் கோடியில் இருந்த கடைசிக் காட்டுக்கு மாற்றினார்கள். அங்கும் சைக்கிளில்தான் போனார்.

மீன் குழம்பு கொதிக்கிறவரை இதை யோசித்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரர்கள் கப்பலேற்றிக் கொண்டுவந்த காலத்திலேயே இந்தத் தோட்டத்து மக்களுக்குக் குணப் பரிசோதனை முடித்துவிட்டார்கள். சாதுவானவர்கள், சொன்னதைச் செய்வார்கள், எதிர்த்துப் பேச மாட்டார்கள். யார் யாரிடம் கேட்டு எழுதினார்கள்? நாற்பது வாக்கியம்கூடக் கேட்கவில்லை. யாருக்கு எப்படிப்பட்ட ஆள் தேவையோ அவர் தன் தேவையை எழுதி, கீழே நம் பெயரைப் போட்டுக்கொண்டார். பிற்பாடு இவர்கள் சைக்கிளை விட்டு இறங்காமல் இருந்து அதை ஒவ்வொரு எழுத்தாக அழிக்க வேண்டியிருந்தது.

இந்தச் சோதனைகள் நம்மைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை என்று நான் சொல்ல மாட்டேன். யார் முன்னால் நாம் எப்படித் தலைவாரிக்கொள்கிறோம் என்பதை அச்சு அசலாகச் சொல்கின்றன. அடக்கமாகப் போட்டால் ரப்பர், அளந்துவிட்டால் தென்னை. இரண்டிலும் நான் இல்லை. போன ஞாயிறு கம்பெனிக்குப் பயந்து பொய் சொன்னேன். இந்த ஞாயிறு கோப்பெங்குக்குப் பயந்து வேறு பொய் சொல்ல வேண்டுமா? மாட்டேன் என்று தோன்றியது. தோன்றியதை உடனே உரக்கச் சொன்னேன், ரேடியோ அல்லவா.

"அப்ப கோப்பெங்குதான் மச்சான்" என்றான் சாப்பிட வந்திருந்த அந்தோணி.

"போறேன். சைக்கிள்ல போறேன்."

"ஒனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதே."

அது உண்மை. வீர வசனத்துக்கு நடுவில் இப்படி உண்மை பேசுகிறவர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள்.

6

திங்கட்கிழமை தர்ஷினியிடம் போய், மறுபடி செய்ய மாட்டேன் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. பட்டியல் போய்விட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றாள்.

"என்னைப் பத்தி என்கிட்டயே கேட்டா நான் என்னம்மா சொல்வேன்? உங்க வீட்ல மாப்பிள்ளை பார்த்தா அவன்கிட்டயே நீ நல்லவனான்னு கேட்பாங்களா? விசாரிப்பாங்கல்ல? வந்து விசாரிங்க. சரக்குக் கூடத்துல விசாரிங்க, சிலிபின்ல விசாரிங்க. அதுல நான் கித்தா மரம்னு வந்தா பூனையோட போயி இருக்கேன்."

அவள் நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு புதன்கிழமை காலை வருகிறேன் என்றாள்.

இங்கேதான் என் புத்தியைப் பாருங்கள். செவ்வாய் முழுக்க வீறாப்பாக இருந்தவன், புதன்கிழமை அவள் கையில் குறிப்பேட்டோடு கூடத்தின் ஓரத்தில் வந்து நின்றதும் மாறிவிட்டேன். ஒரு படித்த பெண் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது லாரிக்காரனின் அப்பனையும் பாட்டனையும் இழுத்துத் திட்ட முடியுமா? சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மெல்லிய குரலில், தயவுசெய்து பின்னால் எடுங்கள் என்றேன். ஓட்டுநர் எடுக்கவில்லை. என்னைத்தான் சொல்கிறாரா என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

அரை மணி நேரத்தில் கூடம் நின்றுவிட்டது. வழக்கமாக என் சத்தத்தைக் கேட்டுத்தான் தூக்கு வண்டிக்காரர் எந்தக் கதவுக்குப் போவது என்று தெரிந்துகொள்வார். சத்தம் வராததால் இது இடைவேளை என்று நினைத்து பன்னைப் பிரித்தார். முன்னால் விட வேண்டிய லாரி பின்னால் நின்றது. வரிசை வாசலைத் தாண்டிச் சாலைக்குப் போனது. வாசல் காவலர் நடந்தே வந்து, பல்வலியா அண்ணே என்று மலாய்க்காரருக்கே உரிய தன்மையோடு கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் இன்னும் கலவரமாகி, ஊரில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்றார்.

அஸ்மான் என்று ஒரு ஓட்டுநர். பத்து வருடமாக நாங்கள் தினமும் சண்டை போடுகிறோம். அவர் லாரியை விட்டு இறங்கி நேரே தர்ஷினியிடம் போனார். மலாயில் அவர் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. இந்த மனிதர் காலையிலிருந்து யாரையும் திட்டவில்லை, இவருக்கு உடம்பு சரியில்லை, நீங்கள் ஆபீஸ் ஆள்தானே, முதலில் இவரை கிளினிக்குக்கு அனுப்புங்கள், இல்லையென்றால் இன்று ஒரு பெட்டியும் கிள்ளானுக்குப் போகாது.

தர்ஷினி குறிப்பேட்டை மூடினாள். வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"அங்கிள், பிளீஸ்" என்றாள். "பேசுங்கோ."

பேசினேன். எதைப் பேசினேன் என்று இங்கே எழுத முடியாது. அஸ்மானின் லாரியிலிருந்து ஆரம்பித்து வரிசையாக எல்லோருக்கும் அவரவர் பங்கு கிடைத்தது. ஓட்டுநர்கள் முகத்தில் நிம்மதி வந்தது. பன் பாதியில் நின்றது. மத்தியானத்துக்குள் சாலை காலியானது.

7

வெள்ளிக்கிழமை பட்டியல் போனது. என் பெயர் கோப்பெங் பக்கத்தில் இல்லை. தர்ஷினி எழுதிய குறிப்பில் என்ன இருந்தது என்று அவள் சொல்லவில்லை. ஆனால் வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு பெண் வந்து டீ வாங்கிவிட்டு என்னைப் பற்றி விசாரித்ததாக முனைக்கடை பாய் சொன்னார். கல்யாணம் ஆனவன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன் என்றார்.

மரத்தை மட்டும் மாற்ற முடியாதாம். கணினியில் ஏறிவிட்டது. கழுத்தில் தொங்கும் புது அட்டையில் என் பெயருக்குக் கீழே பச்சை நிறத்தில் ஒரு ரப்பர் மரம். எல்லோரும் மாட்டியாக வேண்டும்.

அன்று சாயங்காலம் அதை மேசையில் வைத்து ஜெனியை அழைத்தேன். மை பேனாவை எடுத்து வா, நான் சொல்லும் நான்கு சொல்லை மரத்துக்கு அடியில் எழுது என்றேன். தமிழ்ப்பள்ளியை விட்ட பிறகு அவள் தமிழ் எழுதிப் பார்க்கவில்லை. முதலில் காகிதத்தில் எழுதிப் பழகினாள். ளகரத்தைக் கேட்டு அம்மாவிடம் ஓடினாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு அட்டையில் எழுதினாள். எழுத்துகள் ஒன்றுக்கொன்று கோபித்துக்கொண்டு நிற்பது போலத்தான் இருந்தன. எழுதி முடித்ததும் தள்ளி வைத்துப் பார்த்தாள்.

"இதான்பா உங்க நாலு லெட்டர்" என்றாள்.

மறுநாள் முதல் லாரி வந்து நின்ற நேரத்தில் தர்ஷினி கூடத்துப் பக்கம் வந்தாள். அட்டையைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மரத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்கு அங்கிள்?"

அஸ்மான் ஹாரனை அடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன். பிறகு அவள் பக்கம் திரும்பினேன்.

"வேலை கெடக்கும்மா. போயி விசாரிச்சுக்கோ."